வன்னிப் புழுதியிலயும் வெயிலிலயும் ஒமேகா சீமாஸ்டர்: முதல் மூன்று கிழமை, சில சந்தேகங்கள்

கிளிநொச்சி_வடக்கு:

வணக்கம். மணிக்கூடு ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300 மீற்றர், 42 மில்லிமீற்றர், நீல முகம், இரும்புச் செயின், உள்ளுக்கு 8800 இயந்திரம். சுவிஸ் கடையில புதுசா வாங்கினது, திகதி பதிஞ்ச 5 வருச உத்தரவாத அட்டை இருக்கு. கையில கட்டி மூண்டு கிழமை.

பற்றரி மணிக்கூட்டுக்குப் பிறகு இதைக் கட்ட முதல்ல தெரியிறது பாரம். அடுத்தது செக்கன் முள்ளு. துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகுது, கிட்டப் பிடிச்சுப் பாத்தால்தான் செக்கனுக்கு 7 சின்ன அடி தெரியும். இருட்டில நிமிச முள்ளும் வெளி வளையத்துப் புள்ளியும் பச்சை, மற்றதெல்லாம் நீலம். உண்மையிலயே வடிவு.

இனிக் கேள்விகள்.

வெள்ளி பின்னேரம் 6 மணிக்குக் கழட்டி மேசையில வைச்சால் திங்கள் காலமை நிண்டுபோய்க் கிடக்கு. இது பிழையா? 5 நாள் விடாமல் கட்டி போன் நேரத்தோட ஒப்பிட்டன், மொத்தம் 19 செக்கன் முந்துது. இது சரியா?

ஒவ்வொரு நாளும் அக்கராயன் பக்கம் கிறவல் றோட்டில மோட்டச்சைக்கிள், போகவர 20 கிலோமீற்றர். வயல் வேலை நாளில லான்ட்மாஸ்டர் உழவு மிசினும் புல்லு வெட்டுற மிசினும். எதுக்குக் கழட்ட வேணும், எதுக்குத் தேவையில்லை?

கிணத்தடியில கட்டிக்கொண்டு குளிக்கலாமோ? வெளி வளையத்தைத் திருப்பேக்க இப்ப மண் நெருடுற மாதிரிக் கிடக்கு, அதுக்கு என்ன செய்யலாம்?

மாங்குளச்_சந்தி:

முதல் ரெண்டும் பிழையில்லை தம்பி. 8800 முழுசா ஏறி நிண்டால் 55 மணித்தியாலம் ஓடும். வெள்ளி 6 மணியில இருந்து திங்கள் காலமை 7 மணிக்கு 61 மணித்தியாலம். கணக்கே காட்டுது. ஞாயிறு ஒருக்கால் கட்டினால் போதும், அல்லாட்டிக் கையால கீ குடுங்கோ.

19 செக்கனை 5 ஆல பிரிச்சால் நாளுக்கு 3.8. அட்டையில மாஸ்டர் குரோனோமீற்றர் எண்டு இருக்கும். சுவிஸ் அளவையியல் நிறுவனமான மெட்டாஸ் வைச்ச அளவுப்படி நாளுக்கு 0 தொடக்கம் 5 செக்கன் வரை முந்தலாம், பிந்தக் கூடாது. கொஸ்க் எண்ட மற்றச் சான்றிதழ் பிந்தல் 4, முந்தல் 6 வரைக்கும் விடும். உங்கட அளவுக்குள்ள நிக்குது. ஒரு நாளைக்கு 604,800 அடி அடிக்கிற சாமான் அது. மாசத்துக்கு ரெண்டு நிமிசம் முந்தும், மாசம் ஒருக்கால் நேரம் வைச்சால் சரி. இதுக்காக ஒருத்தரிட்டையும் திறக்கக் குடுக்க வேண்டாம்.

குறைக்க விருப்பமெண்டால் ராவில வைக்கிற நிலையை மாத்திப் பாருங்கோ. ஒரு கிழமை முகம் மேல பாக்க, அடுத்த கிழமை குமிழ் (கீ குடுக்கிற, நேரம் வைக்கிற பக்கத் திருகு) கீழ இருக்கச் சரிச்சு. ஒவ்வொரு நிலையிலயும் ஓட்டம் கொஞ்சம் வித்தியாசப்படும். எந்த நிலையில பிந்துதோ அதில ராவில வைச்சால் பகல் முந்தினது கொஞ்சம் கழியும்.

கீ குடுக்கிற முறை முக்கியம், புது மணிக்கூடு கெடுறது கனக்க இந்த இடத்திலதான். குமிழை உங்கட பக்கம் திருப்பிக் கழட்டுங்கோ, தானா மெல்ல வெளிய தள்ளும். அந்த நிலையிலயே முன்னுக்குத் திருப்பினால் கீ ஏறும். 30 சுத்துப் போதும். கூடப் போனாலும் ஸ்பிரிங் அறாது, முழுசா ஏறினாப் பிறகு உள்ளுக்கு வழுக்கும். ஒரு படி இழுத்தால் திகதி, ரெண்டாம் படியில செக்கன் முள்ளு நிண்டு நேரம் வைக்கலாம்.

பூட்டேக்க அவசரப்படாதேங்கோ. குமிழை உள்ளுக்கு அமத்திக்கொண்டு முதல்ல *பின்பக்கமா* கால் சுத்துத் திருப்புங்கோ. புரி புரியில விழுற ஒரு சின்னத் தட்டு விரலில தெரியும். அதுக்குப் பிறகு முன்னுக்குத் திருப்பினால் எதிர்ப்பில்லாமல் ஏறும். இறுகத் தொடங்கினவுடன விடுங்கோ, முறுக்கி அமத்த வேண்டாம். புரி குறுக்கால ஏறிச்செண்டால் தண்ணி அந்த வழியாத்தான் போகும்.

நிண்டுபோன மணிக்கூட்டில திகதியை உடன மாத்தக் கூடாது. ராத்திரி 9 மணிக்கும் விடிய 3 மணிக்கும் இடையில உள்ளுக்குத் திகதிப் பல்லு தொடுத்து நிக்கலாம், அந்த நேரம் வேகமாத் திகதி தள்ளினால் பல்லு உடையும். கன இயந்திரத்துக்கு இந்த ஆபத்து இருக்கு, எல்லாத்துக்கும் பொதுப் பழக்கமா வைச்சால் நல்லது. முள்ளை முன்னுக்குச் சுத்தி திகதி மாறுற இடம் பாருங்கோ, அதுதான் நடுச்சாமம். அதில இருந்து 6 மணிக்குக் கொண்டுவந்து, பிறகு திகதியை வைச்சு, கடைசியா நேரம்.

10 மணிப் பக்கம் இருக்கிற மற்றக் குமிழ் ஹீலியம் வால்வு. ஆழ்கடல் வேலைக்கு அடைச்ச அறையில நாள் கணக்கா இருக்கிற ஆக்களுக்கானது. அதைத் தொடவே தேவையில்லை.

நெடுங்கேணி_வெயில்:

மோட்டச்சைக்கிளுக்குக் கழட்டத் தேவையில்லை எண்டு இணையத்தில கன பேர் சொல்லுவினம். தார் றோட்டுக்கு அது சரி. கிறவல் றோட்டுக்கும் பெரும்பாலும் சரிதான், கைபிடியில கை தளர்வா இருக்கிற மட்டும். ஆனா புல்லு வெட்டுற மிசினுக்கும் லான்ட்மாஸ்டருக்கும் கட்டாயம் கழட்டுங்கோ. றோட்டுக் குலுக்கலும் மிசின் அதிர்வும் ஒண்டில்லை.

ஏனெண்டால், உள்ளுக்கு முன்னும் பின்னும் ஆடி நேரத்தைப் பிடிக்கிற சின்னச் சில்லுதான் பலன்ஸ் வீல், அதின்ர அச்சு நுனி கிட்டத்தட்ட 0.1 மில்லிமீற்றர். ஒருக்கால் அடி விழுந்தால் தாங்குறதுக்கு அந்த நுனி நிக்கிற கல்லுக்குக் கீழ சின்ன ஸ்பிரிங் இருக்கு, அடி வந்தால் கல் விலகி திரும்பி வந்து நிக்கும். குழியில சில்லு விழுறது அப்பிடி ஒரு அடிதான். புல்லு வெட்டுற மிசின் அடியில்லை, மணிக்கணக்கா விடாத அதிர்வு. அது பலன்ஸ் வீலின்ர வீச்சைக் குழப்பும், ரோட்டர் (கை ஆட்டத்தில சுத்திக் கீ ஏத்துற தகடு) திருகாணி, செயின் ஊசி எல்லாத்தையும் மெல்ல மெல்லத் தளர்த்தும். ஊசி ஒண்டு தளர்ந்து வயலுக்கை மணிக்கூடு விழுந்தால் தேடி எடுக்கிறதும் கஷ்டம். மண்வெட்டி, கோடாலி, சுத்தியல் பிடிக்கேக்கயும் கழட்டுறது நல்லம், அடி நேர மணிக்கட்டுக்குத்தான் வரும்.

மாசம் ஒருக்கால் செயினை வெளிச்சத்தில பிடிச்சு ஒவ்வொரு கண்ணியின்ர பக்கத்தையும் நகத்தால தடவிப் பாருங்கோ. ஊசித் தலை வெளிய வந்திருந்தால் நகத்தில இடறும்.

ரோட்டரைப் பற்றி ஒரு சொல். கையை ஆட்டேக்க லேசாச் சுத்துற சத்தம் கேட்டால் பயப்பிடாதேங்கோ, பின்மூடி கண்ணாடி எண்டதால அதைப் பாக்கவும் ஏலும். *உரசுற* சத்தமோ, டக் டக் எண்டு தட்டுற சத்தமோ வந்தால்தான் காட்ட வேணும்.

முல்லைக்_கரை:

தண்ணிக் கதை நான் சொல்லுறன். 300 மீற்றர் எண்டது 30 பார் அழுத்தம். கிணத்தடியில வாளியால ஊத்துற தண்ணி இதுக்கு ஒண்டுமில்லை, முல்லைத்தீவுக் கடலில நீந்தலாம், குமிழ் பூட்டி இருக்க வேணும், அவ்வளவுதான். தண்ணிக்குள்ள குமிழைத் தொடவே கூடாது.

ஆனா குளிக்கேக்கக் கழட்டுங்கோ எண்டுதான் என்ர கருத்து, காரணம் வேற. சவர்க்காரமும் ஷாம்பூவும் தண்ணியை அடைக்கிற றப்பர் வளையத்தைச் சுத்திப் படிஞ்சு நாளாக நாளாக அதைக் கெடுக்கும். மற்றது கிணத்துக் கட்டு. வெளி வளையம் செரமிக், அதில கீறல் விழாது, ஆனா சீமெந்துக் கட்டில ஓங்கி அடிபட்டால் வெடிக்கும். கீறல் விழாத சாமான் உடையாத சாமான் இல்லை.

கடலுக்குப் பிறகு உடன நல்ல தண்ணியில கழுவுங்கோ. உப்புக் காய்ஞ்சால் குமிழின்ர புரியிலயும் செயின் ஊசியிலயும் இருந்து இரும்பை அரிக்கும், இந்த வகை இரும்புக்கும் கறல் பிடிக்க ஏலும். சவர்த் தண்ணிக் கிணறெண்டால் கழுவினாப் பிறகு துணியால துடையுங்கோ, காய விட்டால் வெள்ளைப் படிவு நிக்கும்.

செம்மண் நெருடல்: கழுவாமல் காய்ஞ்ச துணியால துடைக்கிறதுதான் பிழை. புழுதியில குவார்ட்ஸ் மணல் இருக்கு, மோஸ் எண்ட கடின அளவில 7. மேல் கண்ணாடி சஃபையர், 9, அதை ஒண்டும் செய்யாது. இரும்பு அப்பிடியில்லை, துடைக்கிற துணியே அரத்தாள் ஆகும். குமிழ் பூட்டினதை ரெண்டாம் முறையும் பாத்திட்டு, இளஞ்சூட்டுத் தண்ணியில பாத்திரம் கழுவுற திரவம் ஒரு துளி, மெல்லிய பல்லுத் துலக்குற பிரஷ். வளையத்துக்கும் உடம்புக்கும் இடையில தண்ணி நிறைஞ்சு நிக்க, வளையத்தை முழுசா ரெண்டு மூண்டு சுத்துச் சுத்துங்கோ. சிவப்புத் தண்ணியா வெளிய வரும். நிறம் இல்லாமப் போகும் வரைக்கும் திரும்பச் செய்யுங்கோ. கடைசியா நல்ல தண்ணியில அலசிச் சவர்க்காரத்தை முழுசா எடுக்க வேணும். சித்திரை வைகாசிப் புழுதிக்கு ரெண்டு கிழமைக்கு ஒருக்கால், மாரியில மாசம் ஒருக்கால் போதும்.

கிளிநொச்சி_வடக்கு:

மூண்டு பேருக்கும் நன்றி. குமிழைப் பின்பக்கம் திருப்பி அந்தத் தட்டைக் கேட்டுப் பூட்டிப் பாத்தன், இப்பதான் வித்தியாசம் விளங்குது.

இன்னொண்டு. மத்தியான வெயிலில நிண்டிட்டுக் கையில குளிர் தண்ணி பட்டால் கண்ணாடியில நீராவிப் புகார் வருமோ? வந்தால் உள்ளுக்கா வெளியவா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? தோல் பட்டி ஒண்டும் வாங்கலாமெண்டு இருக்கிறன்.

முல்லைக்_கரை:

விரலால துடைச்சால் போனால் வெளிய. போகாட்டி உள்ளுக்கு.

வீட்டிலயே செய்யக்கூடிய சோதனை இருக்கு அண்ணை. மணிக்கூட்டைக் கையில சூடேற விடுங்கோ, உங்கட ஊர் வெயிலில பத்து நிமிசம் காணும், கையில பிடிக்கேக்க இதமான சூடு. கொதிக்க விடவேண்டாம், அடுப்பில வைக்கவே வேண்டாம். கண்ணாடி நடுவில குளிர் தண்ணி ஒரு சொட்டு வைச்சு ஒரு நிமிசம் விட்டு, துணியால ஒற்றி எடுத்து, உடன சரிச்சுப் பாருங்கோ. சொட்டு இருந்த இடத்தில வட்டமா வெண்புகார் நிண்டால் உள்ளுக்கு ஈரம். தெளிவா இருந்தால் நிம்மதி.

உள்ளுக்கு எண்டு தெரிஞ்சால் அரிசிப் பானையில புதைக்காதேங்கோ. அடைச்ச உடம்புக்குள்ள இருந்து அரிசி ஈரத்தை இழுக்காது, அந்த ரெண்டு நாளில முள்ளும் திருகாணியும் கறல் பிடிச்சிடும். அண்டைக்கே திறந்து காய வைக்க வேணும், கடல் தண்ணி எண்டால் மணிக்கணக்குத்தான் அவகாசம். ஆனா திறக்கிறவரிட்ட சரியான சாவி இருக்கோ எண்டு முதல்ல கேளுங்கோ. இந்தப் பின்மூடிக்கு அதுக்குரிய சாவி வேணும். இடுக்கியால முயற்சி செய்யிற இடத்தில குடுத்தால் மூடியும் வளையமும் சேதம். மூடித் தந்தாப் பிறகு அழுத்தச் சோதனை செய்து தராட்டித் தண்ணிக்கு அந்த மணிக்கூட்டை நம்ப ஏலாது.

மாங்குளச்_சந்தி:

தோல் பட்டி கலியாண வீட்டுக்கும் கந்தோருக்கும் சரி. ஒவ்வொரு நாளும் கட்டினால் இந்த வேர்வையில தையலும் உள்தோலும் சீக்கிரம் ஊறி மணக்கும். றப்பர் வாங்குங்கோ, அகலம் 20 மில்லிமீற்றர். மாத்தேக்க உடம்பில பட்டி கொளுவுற காலில நீளத்துக்குச் செலோரேப் ஒட்டிப்போட்டு ஊசியை அமத்துங்கோ, ஆயுதம் வழுக்கினாலும் கீறாது.

செயினைக் காலமை அளந்து கண்ணி குறைக்காதேங்கோ. மத்தியானம் 3 மணிக்கு மணிக்கட்டு வீங்கி இருக்கும், அப்ப அளவெடுக்க வேணும். சின்னி விரல் நுழையிற இடைவெளி சரி. உங்கட கொளுவியில உள்பக்கம் ஒரு பொத்தான் இருக்கு, அமத்தி இழுத்தால் படிபடியா நீளும். அதை நடுப்படியில வைச்சுக் கண்ணியைத் தீர்மானியுங்கோ, பிறகு வெயிலுக்கு நீட்டி ராவுக்குக் குறைக்கலாம்.

நெடுங்கேணி_வெயில்:

காந்தத்தைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. உங்கட 8800, 15,000 கவுஸ் (காந்தப் புல அளவு) வரை தாங்கும், ஸ்பீக்கர் பெட்டிக்கும் போன் உறைக்கும் பயப்பிடத் தேவையில்லை. ஆனா இந்தப் பக்கம் கன கையில இருக்கிறது பழைய சீக்கோ 5. வாசிக்கிற மற்றாக்களுக்காக எழுதுறன்: திடீரெண்டு நாளுக்கு நிமிசக் கணக்கில முந்தத் தொடங்கினால் முதல் சந்தேகம் காந்தம். பலன்ஸ் வீலை ஆட்டுற மெல்லிய ஹெயார் ஸ்பிரிங்கின்ர சுருள் ஒண்டோட ஒண்டு ஒட்டி நீளம் குறைஞ்ச மாதிரி வேகமா அடிக்கும். திசைகாட்டிக்குக் கிட்ட மணிக்கூட்டைக் கொண்டுபோங்கோ, ஊசி ஆடினால் அதுதான். காந்தம் எடுக்கிற பெட்டி வைச்சிருக்கிற திருத்துநரிட்ட ஒரு நிமிச வேலை. பொத்தானை அமத்தினபடியே மணிக்கூட்டை மெல்ல ஒரு கை நீளத்துக்கு விலக்கி, *பிறகுதான்* பொத்தானை விட வேணும். கிட்ட வைச்சு விட்டால் திரும்பக் காந்தம் ஏறும்.

பழைய சீக்கோ 5 இல 7எஸ்26 இயந்திரம் எண்டால் மேல சொன்ன 30 சுத்துக் கணக்கும் பொருந்தாது. அதுக்குக் கையால கீ ஏறாது, செக்கன் முள்ளும் நிக்காது. முகத்தை மேல பிடிச்சு இருபது முப்பது தரம் மெல்ல வட்டமா ஆட்டிப்போட்டுக் கையில கட்ட வேண்டியதுதான்.