பழைய அவுட்போர்டு: டிரில்லால சுத்தியும் வாட்டர் பம்ப் தண்ணி ஏத்தலை, அவசரம்

ஈரக்காற்று:
வணக்கம். 1960-களின் அவுட்போர்டு (படகுக்குப் பின்னால மாட்டுற இன்ஜின்), 10 குதிரைசக்தி, ரெண்டு சிலிண்டர். ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரத்துலேயே சிலிண்டர் ஹெட் கொதிக்குது. இன்ஜினைக் குளிர வைக்கிற பம்பைத் தனியா பார்க்கலாம்னு வாளியில வெச்சு டிரில்லால சுத்தினேன். சொட்டுத் தண்ணி வரலை. இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்துற ரப்பர் இறக்கைச் சக்கரம்) புதுசு. நாளைக்குப் படகை இறக்கணும், யாராவது சொல்லுங்க.

திருப்புளி:
எதை வாளியில வெச்சீங்க? முழு இன்ஜினையா, லோயர் யூனிட்டை (பம்பும் புரொப்பெல்லரும் இருக்கிற கீழ்ப்பகுதி) மட்டும் கழட்டியா? தண்ணி எதுவரைக்கும் இருந்துச்சு? எந்தப் பக்கமா சுத்தினீங்க?

வெள்ளலை:
சூடாகுதுன்னா முதல்ல தெர்மோஸ்டாட்டைப் பாருங்க, அதான் மேலே இன்ஜின்ல சூடானதும் தண்ணிக்கு வழி திறக்கிற வால்வு. மூடினபடியே சிக்கியிருக்கும். கழட்டி ஒரு பாத்திரத்துத் தண்ணியில போட்டுச் சூடேத்துங்க, பக்கத்துல தெர்மாமீட்டர். 60 டிகிரியைத் தாண்டினதும் திறக்க ஆரம்பிக்கணும்.

திருப்புளி:
அவர் பம்பையே வாளியில சுத்திட்டார். அங்க தெர்மோஸ்டாட்டுக்கு என்ன வேலை?

வெள்ளலை:
கழட்டித்தான் சுத்தினார்னு அவர் இன்னும் சொல்லவே இல்லையே.

நங்கூரம்:
எத்தனை தரம் எழுதியாச்சு, கேள்வியோட மேக், மாடல், சீரியல் நம்பர் போடுங்கன்னு. மேலேயிருந்து பார்த்தா டிரைவ் ஷாஃப்ட் (இன்ஜின்ல இருந்து கீழே இறங்குற தண்டு) கடிகார முள் திசையில சுத்தணும். எதிர்ப்பக்கம் சுத்தினா இறக்கைகள் மாறி மடங்கும், இறுகின பழைய ரப்பர்னா வேரோட பிஞ்சுடும். இந்த அடிப்படை தெரியாதவங்க ஸ்பானரை எடுக்காம இருக்கிறது நல்லது.

ஈரக்காற்று:
லோயர் யூனிட் மட்டும்தான். கடிகாரத் திசைதான். தண்ணி பம்ப் மூடி வரைக்கும் இருக்கு. பெயர்த்தகடு எப்பவோ போயிடுச்சு.

துடுப்பு:
அப்போ சோதனை முறை சரிதான். ஷாஃப்ட் தலையை டிரில் வாயில நேரா கவ்வ விடாதீங்க, ஷாஃப்ட்டோட பல்லு கெட்டுடும். கெட்டியான ரப்பர் ஹோஸ் துண்டை ஷாஃப்ட்ல சொருகி கிளாம்ப் போடுங்க, மறுமுனையில ஒரு போல்ட், அந்த போல்ட்டை டிரில் பிடிக்கட்டும். கியரை நியூட்ரல்ல வைங்க. கியர் மாத்த வழியில்லாத மாடல்னா புரொப்பெல்லரைக் கழட்டிடுங்க.

இந்த பம்ப்ல ஷாஃப்ட், இம்பெல்லர் உட்கார்ற கிண்ணத்தோட நடுவுல இருக்காது, ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கும். ஒரு பக்கம் இறக்கை நசுங்கும், மறுபக்கம் விரியும். விரியிற இடத்துல உறிஞ்சி, நசுங்குற இடத்துல தள்ளும். மெதுவா சுத்தினாலே நடக்கும், டிரில்லோட நிமிஷத்துக்கு 1000 சுற்று தாராளம். பிரிட்டிஷ் சீகல்ங்கிற பழைய அவுட்போர்டு மாதிரி கிண்ணச் சுவரை உரசாத இம்பெல்லர் இருக்கிறதுக்குத்தான் வேகம் அவசியம்.

இப்போ ஒண்ணு மட்டும் சொல்லுங்க: சுத்தும்போது டிரில்லுக்கு லோடு தெரியுதா, இல்ல சும்மா வழுக்கிட்டு ஓடுதா? புது ரப்பர் கிண்ணத்தை உரசினா கையில பிடிப்பு தெரியணும்.

நங்கூரம்:
இம்பெல்லரைக் காய்ஞ்சபடி மாட்டியிருந்தாலும் சில நொடியில விளிம்பு கருகிடும். சோப்புத் தண்ணி தடவித்தான் மாட்டணும். கிரீஸ் தடவுறவங்களும் இருக்காங்க, தப்பு.

வெள்ளலை:
நான் கிரீஸ்தான் போடுறேன். சோப்பு காய்ஞ்சிடும். இன்ஜின் மாசக்கணக்கா கிடந்தா திரும்ப வறட்டு ஸ்டார்ட்தானே?

நங்கூரம்:
பெட்ரோலிய கிரீஸ் இயற்கை ரப்பரை ஊத வைக்கும்.

வெள்ளலை:
இப்போ வர்ற இம்பெல்லர் எல்லாம் நியோபிரீன் இல்லன்னா நைட்ரைல். நைட்ரைல் எண்ணெய்க்கு அசையாது.

நங்கூரம்:
நியோபிரீன் அந்த அளவுக்குத் தாங்காது. கையில இருக்கிறது எதுன்னு பார்த்ததும் சொல்ல முடியுமா உங்களால?

திருப்புளி:
ரெண்டு பேரும் கிளிசரின் போடுங்க, எந்த ரப்பருக்கும் கெடுதல் இல்லை. துடுப்பு கேட்டதுக்கு அவர் பதில் சொல்லட்டும்.

ஈரக்காற்று:
லோடே இல்லை, சும்மாதான் ஓடிச்சு. மூடியைத் தூக்கினா, இம்பெல்லரை ஷாஃப்ட்டோட பூட்டுற கீ தேஞ்சு சீவல் மாதிரி கிடக்கு. ஷாஃப்ட் சுத்துது, இம்பெல்லர் அப்படியே நிக்குது. கீக்குப் பதிலா பித்தளைத் துண்டு ஒண்ணை அரத்துல ராவி வெச்சேன். பம்ப்ல இருந்து மேலே போற செம்புக் குழாய் வாயை விரலால அடைச்சா இப்போ விரலைத் தள்ளுது. எல்லாருக்கும் நன்றி.

துடுப்பு:
அருமை. ஆனா அந்தப் பித்தளைத் துண்டு வாளிச் சோதனைக்கு மட்டும். அந்த மாடலுக்கான கீ வராம படகை இறக்காதீங்க, நடுத்தண்ணில அறுந்தா திரும்பி வர வழியில்லை. பழைய கீயோட துணுக்கு உள்ளே சிக்கியிருக்கும், கிண்ணத்தையும் குழாயையும் கழுவிடுங்க. லோயர் யூனிட்டை ஏத்தும்போது டார்ச் அடிச்சு, குழாய் முனை மேலே இருக்கிற ரப்பர் வளையத்துக்குள்ள நேரா நுழையுதான்னு பாருங்க. அது விலகினா நல்ல பம்பும் தண்ணியை இன்ஜின் காலுக்குள்ளேயே கொட்டும். இன்னொண்ணு, அந்தக் காலத்து மாடல் பலதுல தண்ணி பீச்சுறதுக்குன்னு தனி ஓட்டை கிடையாது. காலுக்குப் பின்பக்கம் புகையோட தூறலா வரும், அதைப் பாருங்க.

வெள்ளலை:
தெர்மோஸ்டாட்டையும் ஒரு தரம் சுடுதண்ணில போட்டுப் பாருங்களேன். அந்த ஹெட் பலமுறை கொதிச்சிருக்கு.