டம்ளர் மெழுகுவர்த்திக்கு எந்த மெழுகு வாங்குறது?

வில்லாபுரத்துக்காரி: கார்த்திகைக்கு கண்ணாடி டம்ளர்ல மெழுகுவர்த்தி ஊத்தி விக்கலாம்னு பாரஃபின், அதான் சாதா மெழுகுவர்த்தி மெழுகு, அந்தக் கட்டிய உருக்கி ஊத்துனேங்க, ஆறுனதும் நடுவுல குழியா எறங்கிருச்சு, ஓரமும் கண்ணாடிய விட்டுப் பிரிஞ்சு நிக்குது. சோயா எண்ணெய்ல செய்யிற மெழுகு நல்லதுங்கிறாங்க, நம்மூரு சித்திரை வெயிலுக்குத் தாங்குமா?

திருமங்கலம் தம்பி: பாரஃபின் ஆறுனா சுருங்கத்தான்க்கா செய்யும், அதான் குழி. கொஞ்சம் மிச்சம் வச்சு ரெண்டாவது தடவ மேல ஊத்துங்க. நீங்க வாங்குனது டம்ளர் இல்லாம தனியா நிக்கிற வத்திக்கான கெட்டி மெழுகா இருக்கும், டம்ளருக்கு 50 டிகிரி பக்கத்துல உருகுறதா கேட்டு வாங்குங்க.

பழங்காநத்தம் அக்கா: நான் சோயாதாம்மா. டம்ளருக்குன்னு விக்கிற சோயா 50 டிகிரி சுமாருக்கு உருகும், 40 டிகிரி வெயில்லயும் வீட்டு நிழல்ல ஒண்ணும் ஆகல, ஆனா பார்சல் போட்டேன் பாரு, வண்டிச் சூட்டுல வேர்த்து ஒழுகிப்போய் காச திருப்பிக் குடுத்தேன். மல்லி வாசன எண்ணெய் கிலோவுக்கு 60லருந்து 80 கிராம் போதும், அள்ளி ஊத்துனா எண்ணெய்தான் மேல மிதக்கும். ஊத்தி ரெண்டு வாரம் மூடி வையி, சோயாவுல வாசம் மெதுவாத்தான் ஏறும்.

வில்லாபுரத்துக்காரி: தேன்மெழுகு கலந்தா கெட்டியாகுமாக்கா?

திருமங்கலம் தம்பி: ஆகும், அது 62 டிகிரிக்கு மேலதான் உருகும். பத்துல ஒரு பங்கு போட்டுப் பாருங்க, திரியும் தடிமனா மாத்தணும், இல்லேன்னா நடுவுல மட்டும் எரிஞ்சு சுத்தி அப்படியே நிக்கும். மெல்லிசு டம்ளர் வேணாம்க்கா, சூட்டுல விரிசல் விட்டுரும்.