புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகு ஸ்டவ்: வாங்கினவங்க, வாங்காம விட்டவங்க அனுபவம் சொல்லுங்க

கிழக்கு லண்டன் வாசி:

2022 குளிர்காலத்துல கேஸ் பில் போன போக்கைப் பார்த்து எங்க தெருவுல பல பேருக்கு வந்த ஆசை எனக்கும் வந்துச்சு. ஹால்ல ஒரு விறகு ஸ்டவ். எங்களோடது விக்டோரியா காலத்து வரிசை வீடு, சிம்னி இருக்கு, யாரோ எப்பவோ பலகை வச்சு அடைச்சு வச்சிருந்தாங்க. அதைத் திறந்து ஒரு ஸ்டவ்வைத் தள்ளிட்டா வேலை முடிஞ்சுதுன்னு பலர் நினைக்கிறாங்க. அங்கதான் சிக்கலே.

லண்டன்ல பெரும்பாலான இடம் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி, அதாவது சிம்னி வழியா புகை விடக் கூடாதுன்னு விதி இருக்குற இடம். 1952 டிசம்பர்ல அஞ்சு நாள் புகைமூட்டம் நகரத்தையே மூடுச்சே, அப்ப 4,000 பேர் செத்ததா கணக்குச் சொன்னாங்க, பின்னாடி வந்த ஆய்வுகள் 12,000 வரைக்கும் போகுது. அதுக்கப்புறம் 1956ல வந்த தூய காற்றுச் சட்டத்தோட வாரிசுதான் இன்னிக்கு இருக்குற விதி. உங்க வீடு உள்ள வருதான்னு டெஃப்ரா (சுற்றுச்சூழல் அமைச்சகம்) வரைபடத்துலயோ உள்ளூர் கவுன்சில் தளத்துலயோ பார்த்துக்கலாம்.

ஷோரூம்ல நடந்ததைச் சொல்றேன், இது நிறையப் பேருக்கு உதவும். விற்பனையாளர் ஒரு 8 கிலோவாட் மாடல் முன்னாடி கொண்டுபோய் நிறுத்தி, "ஈகோடிசைன் ஸ்டிக்கர் இருக்கு, லண்டன்ல எங்க வேணா வைக்கலாம்"னு அடிச்சுச் சொன்னார். ஈகோடிசைன்ங்கிறது 2022 ஜனவரி 1 முதல் விக்கிற எல்லாப் புது ஸ்டவ்வுக்கும் கட்டாயம். கதவு போட்ட விறகு ஸ்டவ்னா வெளிய போற வாயுவுல ஒரு கன மீட்டருக்கு 40 மில்லிகிராம் துகளுக்கு மேல இருக்கக் கூடாது, செயல்திறன் குறைஞ்சது 65 சதவீதம். நல்ல விஷயந்தான். ஆனா புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில விறகு எரிக்கணும்னா தூய காற்றுச் சட்டத்துல தனியா விலக்கு வாங்கின மாடலா இருக்கணும். அது வேற சோதனை, வேற பட்டியல். அங்கேயே நின்னு போன்ல டெஃப்ரா பட்டியலைத் திறந்தேன். அதே கம்பெனியோட 5 கிலோவாட் இருந்துச்சு. 8 இல்லை. அவர்கிட்ட காட்டினதும் "ஓ, அப்படியா"ன்னு பேச்சை மாத்திட்டார்.

பட்டியல்ல பேரை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. பல மாடல்களுக்குப் பக்கத்துலயே நிபந்தனை இருக்கும். நான் வாங்கினதுக்கு, மேல்காற்று வர்ற வழியை முழுசா மூட முடியாதபடி நிரந்தரத் தடுப்பு வைக்கணும்னு போட்டிருந்துச்சு. ஸ்டவ் வந்ததும் பார்த்தா, காத்தைக் கூட்டிக் குறைக்கிற லீவருக்குப் பின்னாடி சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு திருகு. லீவர் அதுல போய் இடிச்சு நின்னுடுது. விறகுலேருந்து வர்ற புகையில எரியக்கூடிய வாயு நிறைய இருக்கு. மேலேருந்து சூடான காத்து கிடைச்சா அது உள்ளயே எரிஞ்சுடும், கிடைக்கலைன்னா சிம்னி வழியா பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும். விலக்கு வாங்கின ஸ்டவ்வுக்கும் வாங்காததுக்கும் சில மாடல்கள்ல இந்தத் திருகு ஒண்ணுதான் வித்தியாசம்.

பட்டியல் தேட அலுப்பா இருந்தா ஸ்டவ்வுக்குத் தரநிலை போடுற கிளியர்ஸ்கைஸ் லேபிள் பாருங்க. 3ஆம் நிலையும் அதுக்கு மேலயும் இருந்தா புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குச் சரி.

இப்ப அளவு. நம்ம ஆளுங்களுக்கு எதையும் ஒரு சைஸ் பெருசா வாங்கினாத்தான் திருப்தி, பிள்ளைக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் எடுக்குற மாதிரி. ஸ்டவ்ல அது வேலைக்கு ஆகாது. அறையோட கன அளவை மீட்டர்ல எடுத்து 14ஆல வகுத்தா ஏறக்குறைய எத்தனை கிலோவாட் வேணும்னு வரும். எங்க ஹால் 4.2க்கு 3.8, உயரம் 2.7. கணக்கு மூணைச் சுத்தி வந்துச்சு. அந்த அறையில 8 கிலோவாட் வச்சா அரை மணி நேரத்துல சட்டையைக் கழட்டணும். அப்புறம் சூடு தாங்காம காத்தைக் குறைப்போம், தீ மந்தமாகும், கதவுக் கண்ணாடி கறுக்கும், புகை கிளம்பும். பட்டியல்ல இருக்குற ஸ்டவ்வே அப்ப பட்டியல்ல இல்லாதது மாதிரி நடந்துக்கும். இன்னொண்ணு, 5 கிலோவாட்டுக்கு மேல போனா சுவத்துல நிரந்தரமா காத்துத் துளை போடணும். பழைய வீடுகளுக்கு 5 வரைக்கும் பொதுவா அது தேவையில்லை. புதுசா இறுக்கமாக் கட்டின வீடுன்னா எந்த அளவா இருந்தாலும் காத்து வழி வேணும்.

பொருத்தினது ஹெட்டாஸ்ல (ஸ்டவ் பொருத்துறவங்களைப் பதிவு செய்ற அமைப்பு) பதிவு உள்ளவர். அவரே கட்டட விதிச் சான்றிதழ் கொடுத்துடுவார், கவுன்சிலுக்குத் தனியா விண்ணப்பிக்க வேண்டியதில்லை. சிம்னிக்குள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாய் (லைனர்) இறக்கினாங்க, அதே அறையில கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டினாங்க, கடைசியா மின் மீட்டர் பக்கத்துல ஒரு சின்னத் தகடு ஒட்டினார்: என்ன லைனர், என்ன அளவு, எந்த வருஷம். வீடு விக்கும்போது அதைத்தான் முதல்ல கேப்பாங்களாம். ஸ்டவ் விலையைவிட இந்த வேலைக்குத்தான் அதிகம் போச்சு, அதையும் மனசுல வச்சுக்குங்க.

லெஸ்டர் அண்ணை:

தம்பி ஸ்டவ்வைப் பற்றி வடிவாச் சொல்லிப்போட்டார். நான் விறகைப் பற்றிக் கதைக்கிறன்.

ஊரில அம்மா விறகைக் கையில தட்டிப் பாத்தே காஞ்சதோ இல்லையோ எண்டு சொல்லிப்போடுவா. இஞ்சத்தை ஓக், ஆஷ், பேர்ச் மரம் எல்லாத்துக்கும் எனக்கு அந்தக் கை வரேல்லை. அதால ஈரம் பாக்கிற மீற்றர் ஒண்டு வாங்கினன், ரண்டு ஊசி நீட்டிக்கொண்டு நிக்கும்.

கார்த்திகை மாசம் ஒருத்தர் வானில கொண்டந்து, "ரண்டு வருசம் காயவிட்ட விறகு, மலிவாத் தாறன்" எண்டார். தன்ரை மீற்றரையே எடுத்துக் குத்திக் காட்டினவர், 17 சதவீதம். நான் சொன்னன், பொறுங்கோ எண்டு. கோடாலியால ஒரு கட்டையைப் பிளந்து, புதுசாப் பிளந்த உள்முகத்தில என்ரை மீற்றரைக் குத்தினன். 31. வெளித்தோல் வெயிலுக்கும் காத்துக்கும் கெதியாக் காஞ்சிடும், தண்ணி எல்லாம் உள்ளுக்கை நிக்கும். மனுசன் ஒண்டும் கதைக்காமல் வானை எடுத்தார்.

இங்கிலாந்தில 2021 மே 1 இல இருந்து ரண்டு கன மீற்றருக்குக் குறைவா விக்கிற விறகு 20 சதவீத ஈரத்துக்கு மேல இருக்கக் கூடாது. மூட்டையில "ரெடி டு பேர்ன்" (எரிக்கத் தயார்) எண்ட முத்திரை இருக்கும், அதைப் பாத்து வாங்குங்கோ. அதுக்கு மேல மொத்தமா வாங்கினால் பச்சை விறகும் விக்கலாம், ஆனா எப்பிடிக் காயவைக்கிறது எண்டு விக்கிறவர் சொல்லித் தரவேணும். இடமிருக்கிற ஆக்களுக்கு அதுதான் லாபம். நான் ஆஷ் வாங்கி, நிலத்தில படாமல் பலட்டுக்கு மேல அடுக்கி, மேலுக்கு மட்டும் கூரை போட்டிருக்கிறன். பக்கங்களை மூடிப்போடாதேங்கோ, காத்துத்தான் விறகைக் காயவைக்கிறது. ஓக் எண்டால் ரண்டு வருசமாவது பொறுக்க வேணும்.

பெயின்ற் அடிச்ச பலகை, பழைய கதவு, பச்சை நிறத்தில மருந்து போட்ட வேலிக்கட்டை ஒண்டையும் போட்டு எரிக்காதேங்கோ. ஓசியாக் கிடைக்குது எண்டு நஞ்சை மூச்சில இழுக்கிறதோ?

பர்மிங்காம் பொடியன்:

நாங்கள் வாங்கின வீட்டில ஏற்கெனவே விறகும் நிலக்கரியும் எரிக்கிற பழைய மல்டிஃபூவல் ஸ்டவ் ஒண்டு இருக்கு. பட்டியலில தேடினன், இல்லை. கழட்டி எறியவேணுமோ? முன் அறையில சும்மா ஒரு திறந்த கணப்பும் இருக்கு.

கிழக்கு லண்டன் வாசி:

கழட்ட வேண்டாம். வச்சிருக்கிறது தப்பில்லை, அதுல விறகு எரிச்சுப் புகை விடுறதுதான் விதிமீறல். அனுமதிக்கப்பட்ட புகையில்லா எரிபொருள் மட்டும் போடலாம். திறந்த கணப்புக்கும் அதே விதி. கிறிஸ்துமஸ் அன்னிக்கு ரெண்டு கட்டை போட்டா யாருக்குத் தெரியும்னு நினைக்காதீங்க, இங்கிலாந்துல சிம்னியில புகை வந்தா கவுன்சில் 175லேருந்து 300 பவுண்டு வரைக்கும் அபராதம் போடலாம். விலக்கு இல்லாத அடுப்புக்காக அனுமதியில்லாத எரிபொருள் வாங்கினா 1,000 பவுண்டு வரைக்கும் போகலாம். சாதாரண நிலக்கரி விற்பனையே 2023 மே மாசத்தோட முடிஞ்சு போச்சு.

ரெடிங் நர்ஸம்மா:

எல்லோரும் எதை வாங்குவது என்று பேசுகிறீர்கள். நான் அளவெடுக்க ஆள் வந்த பிறகும் வேண்டாம் என்று முடிவெடுத்தவள். அதையும் பதிவு செய்கிறேன்.

சின்னவனுக்கு வீசிங் உண்டு. ஆர்டர் கொடுக்கும் முன், ஸ்டவ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்குத் துகள் அளக்கும் சிறு கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அவர்களுடையது டெஃப்ரா பட்டியலில் உள்ளது, விறகும் நல்ல விறகு, கண்ணாடி பளிச்சென்று இருந்தது. கதவு மூடியிருக்கும் வரை எண் 12, 13 என்று அமைதியாக இருந்தது. இன்னொரு கட்டை வைக்கக் கதவைத் திறந்தார். கருவி 90ஐத் தாண்டியது. கண்ணுக்குப் புகை எதுவும் தெரியவில்லை, வாசனைகூட இல்லை. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது: டெஃப்ரா சான்று பெற்ற ஸ்டவ் உள்ள வீடுகளில்கூட, எரியும் நேரத்தில் வீட்டுக்குள் இருக்கும் நுண்துகள் எரியாத நேரத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. கதவைத் திறக்கத் திறக்க ஏறுகிறது.

இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டியின் 2022 அறிக்கையில் ஒரு ஒப்பீடு உண்டு. ஈகோடிசைன் ஸ்டவ்வின் துகள் வெளியேற்றம் கேஸ் ஹீட்டிங்கைப் போல 450 மடங்கு. பழைய வகை ஸ்டவ் என்றால் ஆயிரக்கணக்கில். "குறைந்த புகை" என்று சொல்லும்போது எதைவிடக் குறைவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் ஒழுங்காக வேலை செய்யும் வீட்டில், அழகுக்காக, ஆஸ்துமா உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு இதைப் பொருத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. வேறு ஹீட்டிங்கே இல்லாத கிராமத்து வீட்டுக்காரர்களைப் பற்றி நான் பேசவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரிடம் எண்ணைக் காட்டினேன். கோபப்படவில்லை. ஆனால் எரிப்பதையும் நிறுத்தவில்லை.

லெஸ்டர் அண்ணை:

பிள்ளை சொல்லுறது நியாயம். நான் கதவைத் திறக்கேக்க ஒரு நிமிசம் முந்தியே காத்து வழியை முழுக்கத் திறந்துபோட்டு, பிறகு கதவை மெல்ல மெல்லத் திறப்பன். டக்கெண்டு இழுத்தால் புகை வெளியால வரும். நெருப்புத் தணலாகி இருக்கேக்க போடுங்கோ, சுவாலை எரியேக்க திறக்காதேங்கோ. அதோட புகை பூச்சியமாகும் எண்டு நான் சொல்ல வரேல்லை.

கிழக்கு லண்டன் வாசி:

அக்கா, எங்க வீட்ல யாருக்கும் அந்தப் பிரச்சினை இல்ல, இருந்திருந்தா நானும் வாங்கியிருக்க மாட்டேன். நீங்க சொன்னதுக்கப்புறம் அந்தக் கருவி ஒண்ணு எங்க வீட்டுக்கும் வாங்கப் போறேன்.

குரொய்டன் சித்தப்பா:

சிம்னி சுத்தம் பண்ண வர்றவர்கிட்ட பேச்சுக் கொடுங்க, விற்பனையாளர் சொல்லாததெல்லாம் அவர் சொல்வார். எங்க வீட்டுச் சிம்னியிலேருந்து விழுந்த கரியை ஒரு கை அள்ளிக் காட்டினார். மாவு மாதிரி உதிரியா, மங்கலா இருந்தா தீ நல்லா எரியுதுன்னு அர்த்தமாம். கண்ணாடிச் சில்லு மாதிரி பளபளன்னு, தார் மாதிரி ஒட்டிக்கிட்டு வந்தா ஆபத்து, அதுதான் சிம்னிக்குள்ள தீப்பிடிக்கிறது. விறகு எரிக்கிற வீட்டுக்கு வருஷத்துல ரெண்டு தடவை சுத்தம் பண்ணச் சொன்னார்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஸ்டவ்வை செகண்ட்ஹேண்ட்ல வாங்கினார். மாடல் பட்டியல்ல இருக்கு. ஆனா ராத்திரி பூரா தணல் நிக்கணும்னு, மேல யாரோ சொன்ன அந்தத் திருகைக் கழட்டிட்டு, நாலு கட்டையைத் திணிச்சுக் காத்தை மூடிட்டுத் தூங்குவார். எதிர்வீட்டு அம்மா போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க, கவுன்சில்லேருந்து கடிதம் வந்துச்சு. சுத்தம் பண்ண வந்தவர் லைனர் உள்பக்கம் முழுக்க அந்தப் பளபளப்பைப் பார்த்துட்டு, இதைப் பிரஷ்ஷால எடுக்க முடியாதுன்னு கையை விரிச்சுட்டார்.

பத்த வைக்கிற முறையையும் அவர்தான் காட்டினார். நம்ம ஊர் அடுப்புக்கு நேர் எதிர். பெரிய கட்டை அடியில, அதுக்கு மேல சின்னக் கட்டை, அதுக்கு மேல சுள்ளி, உச்சியில தீ. கீழ்நோக்கி எரிஞ்சு இறங்கும். கிளம்புற புகை தீயைத் தாண்டித்தான் போகணும், அதனால அங்கேயே எரிஞ்சுடுது. நம்பிக்கையில்லாமத்தான் செஞ்சு பார்த்தேன். வெளிய போய்ச் சிம்னியை நிமிர்ந்து பார்த்தா முதல் சில நிமிஷத்துக்கு லேசா ஒரு இழை, அப்புறம் வெறும் அனல் அலைதான் தெரியுது.

ஹாரோ மாமி:

ஸ்டவ் எல்லாம் எங்களுக்கு வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. தைப்பொங்கலுக்குப் பின்பக்கத் தோட்டத்துல மூணு கல்லு வச்சு விறகு மூட்டலாமா? இவர் கவுன்சில் வந்துடும்னு பயமுறுத்துறார்.

கிழக்கு லண்டன் வாசி:

தாராளமா மூட்டலாம் மாமி. அந்த விதி கட்டடத்துச் சிம்னி வழியா வர்ற புகைக்குத்தான். ஆனா தோட்டத்துல சமையல் கொட்டகை போட்டு, கூரை வழியா சிம்னி விட்டிருந்தீங்கன்னா அதுவும் விதிக்குள்ள வந்துடும். திறந்த வெளியா இருந்தாலும் பக்கத்து வீட்டுக்கு அடிக்கடி தொந்தரவு கொடுக்குற அளவுக்குப் புகைஞ்சா 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துல புகார் போகலாம். வருஷத்துல ஒரு நாள், ஒரு மணி நேரம், முன்கூட்டியே சொல்லிட்டா யாரும் போகமாட்டாங்க.

லெஸ்டர் அண்ணை:

சூளையில காயவைச்ச விறகு ஒரு மூட்டை வாங்கி, மெல்லிசாப் பிளந்து வையுங்கோ. பானைக்குக் கீழ பெரிய கட்டை வேண்டாம். அதோட கொன்சர்வேற்றறி (தோட்டப் பக்கக் கண்ணாடி அறை) கதவைச் சாத்திவிடுங்கோ, பால் பொங்கிற நேரம் பாத்து வீட்டுக்குள்ள ஸ்மோக் அலாரம் கத்தத் தொடங்கும்.