இரத்ததானம் செய்யப்போய் ஹெபடைற்றிஸ் பி இருப்பது தெரிய வந்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

எங்கள் பக்கத்தில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சீனி வருத்தம், பிரஷர் என்றால் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவருக்கே சொல்லிவிடுவார்கள். ஈரலைத் தாக்குகிற ஹெபடைற்றிஸ் பி என்றால் கூடப்பிறந்தவர்களிடமும் மூச்சு விடமாட்டார்கள். எனக்குத் தெரிய வந்த நேரம் கேட்டு அறிய ஒரு ஆள் இருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். விசுவமடுப் பக்கம் இருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வயலும் லான்ட்மாஸ்ரரும்தான் தொழில்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரத்ததான முகாம் வைத்தார்கள். கொடுத்துவிட்டு வந்து அதை மறந்தும் போனேன். பிறகு இரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. “தம்பி, ஒருக்கா நேரில வந்திட்டுப் போங்கோ” என்றார்கள். காரணம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மாஸ்ரரிடம் கேட்டேன். தானமாக வருகிற ஒவ்வொரு இரத்தத்தையும் எச்.ஐ.வி., ஹெபடைற்றிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா எல்லாவற்றுக்கும் சோதித்துத்தான் நோயாளிக்கு ஏற்றுவார்கள், அதில் ஏதாவது சந்தேகம் வந்தால்தான் இப்படிக் கூப்பிடுவார்கள் என்றார். அன்றிரவு ஒரு கண் நித்திரை இல்லை.

டொக்டர் கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தார். எச்.பி.எஸ்.ஏ.ஜி. பொசிற்றிவ் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஈரல் பழுதாப் போச்சா டொக்டர்?” என்று கேட்டேன். “கிருமி இரத்தத்தில இருக்கு எண்டு மட்டும்தான் இது சொல்லுது. ஈரல் எப்பிடி இருக்கு எண்டு இனித்தான் பாக்கவேணும்” என்றார். அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். புதிதாகத் தெரிய வந்து இதை வாசிக்கிறவர்களுக்கும் முதலில் அதைத்தான் சொல்ல விரும்புகிறேன். முதல் ரிப்போர்ட்டோடு எதையும் முடிவுகட்ட வேண்டாம். புதிதாகத் தொற்றினதா பழையதா, கிருமி எவ்வளவு இருக்கிறது, ஈரல் வீங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை இருக்கிறது. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்த்து, அப்போதும் இருந்தால்தான் நாட்பட்டது என்பார்கள். வளர்ந்த ஒருவருக்குத் தொற்றினால் 100 பேரில் 95 பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடும். பிறக்கும்போதோ கைக்குழந்தையிலோ தொற்றினால் மறுவளம், 10 பேரில் 9 பேருக்குத் தங்கிவிடும்.

எனக்குத் தங்கின வகைதான். கிருமி அளவு பார்க்க இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அளவு குறைவு, ஈரல் வீக்கத்தைக் காட்டுகிற எஸ்.ஜி.பி.ரி. சோதனையும் சரி, ஸ்கானிலும் ஈரல் நன்றாக இருந்தது. இப்போதைக்கு மருந்து தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார்கள். மருந்து தரவில்லையே, கைவிட்டுவிட்டார்களோ என்று சிலர் தவிப்பார்கள். அப்படி இல்லை. எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. ஆனால் கிளினிக் கொப்பியை மூடி வைத்துவிட்டு இருக்கவும் கூடாது, ஏனென்றால் இந்த வருத்தம் வலி காட்டாமல் வருடக்கணக்கில் இருந்துவிட்டு ஒருநாள் ஈரல் சுருங்கின பிறகோ புற்றுநோய் வந்த பிறகோதான் வெளியே தெரியும்.

வருத்தத்தைவிட வீட்டில் நடந்ததுதான் என்னை உலுக்கியது. மனைவிக்கு அன்றே சொன்னேன். அவரிடமிருந்து மாமிக்குப் போனது. அடுத்த நாள் தேத்தண்ணி வந்த பேணியின் அடியில் கியூட்டெக்ஸால் ஒரு சிவப்புப் பொட்டு. சாப்பாட்டுக் கோப்பையிலும் ஒன்று. சின்னவள் என் மடியில் ஏற வந்தபோது மாமி பேசாமல் அவளைத் தூக்கிக்கொண்டு போனார். மாமி கெட்ட மனுசி இல்லை. 2009இல் இடம்பெயர்ந்து இருந்த மெனிக்பாம் முகாமில் செங்கமாரி (மஞ்சள் காமாலை) வீட்டுக்கு வீடு பரவினதைக் கண்ணால் கண்டவர். அங்கே வந்தது ஹெபடைற்றிஸ் ஏ வகை, அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருவது. பி அப்படி வராது. இரத்தத்தாலும், உடலுறவாலும், பிறக்கும்போது தாயிடமிருந்தும்தான் வரும். ஒரே கோப்பையில் சாப்பிட்டு வராது. தும்மி வராது. நுளம்பு கடித்தும் வராது. இதை நான் சொன்னால் எடுபடாது என்று தெரிந்து, மாமியையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த மிஸ்ஸி நிதானமாக எல்லாம் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவி அந்தப் பொட்டுகளைப் பழைய பிளேட்டால் சுரண்டி எடுத்தார். மாமி அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பிரிக்கவேண்டிய சாமான் சிலது உண்மையாகவே இருக்கிறது. ரேஸர், பல் தூரிகை, நகம்வெட்டி. இவை மூன்றும் எனக்குத் தனி. வயலில் காலில் வெட்டுப்பட்டால் நானே கழுவிக் கட்டுவேன். இரத்தம் பட்ட இடத்தை பிளீச் கலந்த தண்ணீரால் துடைப்போம். இந்தக் கிருமி காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாளைக்குக் குறையாமல் உயிரோடு இருக்குமாம்.

எங்கே இருந்து வந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். 2009இல் ஷெல் பட்டு எனக்கு இரத்தம் ஏற்றியிருந்தார்கள். அதுதான் என்று நானும் நினைத்தேன். ஊரில் சிலர் வேறு மாதிரியும் கதைத்தார்கள். அந்தக் கதை மனைவியின் காதுக்கும் போனது. கிளினிக்கில் வீட்டில் உள்ள எல்லோரையும் சோதிக்கச் சொன்னார்கள். மனைவிக்கு இல்லை. பிள்ளைகளுக்கும் இல்லை, அவர்களுக்குச் சிறு வயதிலேயே, இதற்கான தடுப்பும் சேர்ந்த பென்டா ஊசி போட்டிருந்தது. அம்மாவுக்கு இருந்தது. நான் பிறந்த காலத்தில் இந்த நாட்டில் குழந்தைகளுக்கு இந்த ஊசி போடுவதே இல்லை. 2003இல்தான் படிப்படியாகத் தொடங்கினார்கள், 2008இலிருந்து பென்டாவோடு சேர்த்துப் போடுகிறார்கள்.

“என்ர பிள்ளைக்கு நான்தானா குடுத்தனான்” என்று அம்மா அழுத அழுகையை இங்கே எழுத வராது. அவருக்கே அவருடைய அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்று டொக்டர் பொறுமையாகச் சொன்னார். அம்மாவுக்குக் கிருமி கூட, ஈரலும் கொஞ்சம் இறுகத் தொடங்கியிருந்தது. இப்போது தினமும் ஒரு டெனோஃபோவிர் குளிசை போடுகிறார். கிருமி நன்றாகக் குறைந்துவிட்டது. அந்த முகாமில் நான் இரத்தம் கொடுக்காமல் விட்டிருந்தால் அம்மாவுக்கு இருப்பது தெரிந்தே இராது.

அடுத்தது, கீழ்க்காய்நெல்லி. அரைத்துப் பாலில் குடி, மூன்று நாளில் இறங்கிவிடும் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். 1988இல் சென்னையில் செய்த ஆய்வொன்றில் பாதிப் பேருக்கு மேல் கிருமி போய்விட்டதாக வந்தது உண்மைதான். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏ வகைச் செங்கமாரி பெரும்பாலும் தன்பாட்டில் மாறிவிடும், பேர் மூலிகைக்குப் போய்விடும். அம்மாவை மூலிகையோடு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. கிளினிக் மருந்தை நிறுத்திவிட்டு எதையும் குடிக்காதீர்கள். டெனோஃபோவிரைத் திடீரென்று நிறுத்தினால் ஈரல் சட்டென்று மோசமாகலாம்.

உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது, வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.

மாங்குளத்திலிருந்து ஒரு அக்கா:

தம்பி, உங்கள் மாமியின் கதையை வாசித்து அழுதுவிட்டேன். எங்கள் வீட்டில் என் கணவருக்கு இது கட்டாருக்குப் போக எடுத்த மெடிக்கலில் பிடிபட்டது. ஏஜென்சிக்குக் கட்டக் காணியை ஈடு வைத்திருந்தோம். வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கலில் இது பொசிற்றிவ் என்றால் விசா இல்லை. ஈரல் நல்லாக இருந்தாலும் அதேதான். மெடிக்கல் எடுத்த இடத்தில் ஒரு பெடியன், வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி “உங்களுக்கு ஹெபடைற்றிஸ் அண்ணை, சரிவராது” என்று சொல்லியிருக்கிறான். எங்கள் ஊர் ஆட்கள் இரண்டு பேர் அந்த வரிசையில் நின்றிருக்கிறார்கள். இவர் ஊருக்கு வரமுந்தியே கதை வந்துவிட்டது. அந்தப் பெடியனை எனக்கு இன்றைக்கும் மன்னிக்க மனம் வருகுதில்லை.

அதற்குப் பிறகு சலூனில் இவருக்கு முடி வெட்டமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் நானே கத்தரிக்கோல் பிடித்தேன். குடியும் தொடங்கினது அந்த நேரம்தான். ஈரலுக்கு அது நஞ்சு என்று கிளினிக்கில் சொல்லியும் கேட்கவில்லை. மகள் ஸ்கான் படத்தை எடுத்து வந்து முன்னால் வைத்து “அப்பா, இது இன்னும் நல்லாத்தான் இருக்கு, நீங்களாப் பழுதாக்காதேங்கோ” என்றாள். விட்டுவிட்டார். இப்போது கச்சான் (நிலக்கடலை) செய்கிறோம், முறிகண்டிக் கோயிலடிக் கடைகளுக்கும் கொடுக்கிறோம்.

கச்சான் என்றதால் இதையும் சொல்கிறேன். பூஞ்சணம் பிடித்த கச்சானில் அஃப்லாடொக்சின் என்று ஒரு நஞ்சு வரும். பி வருத்தம் இருக்கிறவர்கள் அதைத் தொடர்ந்து சாப்பிட்டால் ஈரலில் புற்றுநோய் வருகிற ஆபத்துப் பல மடங்கு கூடும். வறுத்தாலும் முழுக்கப் போகாது. நல்ல கச்சானை விற்றுவிட்டுக் கறுத்ததையும் சுருங்கினதையும் வீட்டுக்கு வைக்கிற பழக்கம் எங்கள் எல்லாரிடமும் இருந்தது. மழைக்கு நனைந்ததை இப்போது பேசாமல் எறிந்துவிடுகிறோம்.

வவுனியாவிலிருந்து ஒரு தாதி:

வேலையில் தினமும் பார்க்கிற விடயம் என்பதால் இரண்டு மூன்றைச் சேர்க்கிறேன். கர்ப்பமாக இருக்கிற தங்கச்சிமார், உங்களுக்கோ கணவருக்கோ இது இருப்பது தெரிந்தால் மருத்துவமாதுவிடம் முதல் நாளே சொல்லுங்கள். எங்கள் அட்டவணையில் பென்டா ஊசி 2, 4, 6 மாதங்களில்தான் வருகிறது. தாய்க்குக் கிருமி இருந்தால் அதுவரை காத்திருக்க ஏலாது. குழந்தை பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் ஒரு தடுப்பூசியும், கூடவே உடனே எதிர்ப்புச் சக்தி தருகிற இமியூனோகுளோபுலின் ஊசியும் போடவேண்டும். தாயின் கிருமி அளவு மிகக் கூடவாக இருந்தால் கடைசி மூன்று மாதமும் டெனோஃபோவிர் கொடுப்பார்கள். இதெல்லாம் நேரத்துக்கு நடந்தால் பெரும்பாலும் குழந்தை தப்பிவிடும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். பால் கொடுக்கக்கூடாது என்று மாமியார் சொன்னதால் பால்மா கரைத்துக் கொடுத்த தாய்மாரை நான் கண்டிருக்கிறேன், மனம் தாங்காது.

கோயில்களில் செடில் குத்துகிறவர்களும் கவனியுங்கள். ஒருவருக்குக் குத்தின முள்ளையும் அலகையும் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் குத்தக்கூடாது. நேர்த்தி வைத்தவர் தன்னுடைய முள்ளைப் புதிதாக வாங்கிக்கொண்டு போகலாம். சலூனில் புது பிளேட் உடைத்துப் போடச் சொல்லுங்கள். பச்சை குத்தவும் அதே கதைதான். எல்லா இடத்திலும் இப்படிச் செய்தால், வருத்தம் இருக்கிறவர்களைச் சலூனால் துரத்தத் தேவையே இல்லை.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி:

அண்ணா, எனக்கும் இரத்ததானத்தில்தான் தெரிந்தது. வீட்டில் சம்பந்தம் பேசுகிறார்கள். சொன்னால் குழம்பிவிடும் என்று அம்மா அழுகிறார். சொல்லாமல் கட்டுவதா?

விசுவமடுவிலிருந்து, முதலில் எழுதினவர்:

சொல்லுங்கள் தம்பி. குழம்பினால் குழம்பட்டும். ஒரு பிள்ளைக்குத் தெரியாமல் அவளுடைய உடம்பில் இதை இறக்க உங்களுக்கும் மனம் வராது, அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள். வெறும் பேரை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு, பெண்ணையும் பெண்ணின் தகப்பனையும் கிளினிக் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு முன்னால் கேட்கிறதைக் கேட்கட்டும். பெண் இரத்தம் சோதித்து, ஊசி தேவை என்றால் இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று என்று மூன்றையும் போடவேண்டும். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் பிறகு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். 10க்கு மேல் காட்டினால் சரி. அதற்கு முந்திக் கலியாணம் நடந்தால் அதுவரை ஆணுறை பாவியுங்கள். என் மனைவிக்கு இந்த முறையில்தான் போட்டோம். அவருக்குத் தொற்றவில்லை.

உங்கள் அம்மாவையும் சோதித்துவிடுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் முல்லைத்தீவோ கிளிநொச்சியோ, கிட்ட இருக்கிற மாவட்ட ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் இரத்த வங்கி தந்த கடிதத்தைக் காட்டுங்கள், மெடிக்கல் கிளினிக்குக்கு எழுதித் தருவார்கள். காசு ஒன்றும் இல்லை. தனியாகப் போகப் பயமாக இருந்தால் இங்கே எழுதுங்கள், நான் கூட வருகிறேன்.