கலிஃபோர்னியாவில் விவாகரத்து வழக்கு: நல்ல குடும்பச் சட்ட வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது?

தனிமரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சான்டா கிளாரா கவுன்டியில் இருக்கிறேன். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசா, வேலை செய்ய அனுமதி இல்லை. மகனுக்கு நாலு வயது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் யாரோ ஒருவர் கதவைத் தட்டி, என் பெயரைக் கேட்டுவிட்டு ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்துப் போனார். கணவர் விவாகரத்து மனு போட்டிருக்கிறார். அன்று காலையில்கூட பையனை யார் பள்ளியில் விடுவது என்று பேசிக்கொண்டோம். இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று சம்மனில் இருக்கிறது. இத்தனை நாளும் அழுகையிலும் இணையத்தில் தேடுவதிலும் போய்விட்டது. தோழி ஒருவர் சொன்ன வக்கீலுக்குப் போன் செய்தேன். முன்பணம் 7,500 டாலர், இன்றே கையெழுத்துப் போட்டால் நல்லது என்றார். அவர் இணையப் பக்கத்தில் விசா, கார் விபத்து, உயில், விவாகரத்து எல்லாமே இருக்கிறது. எனக்கென்று தனிக் கணக்கு கிடையாது. இருவர் பெயரிலும் உள்ள கணக்கிலிருந்து எடுத்தால் என் மேல் தப்பாகிவிடுமா? வக்கீல் தகுதியானவர்தானா என்று எதை வைத்துப் பார்ப்பது? பையனைக் கூட்டிக்கொண்டு இந்தியாவில் இருக்கும் அம்மாவிடம் போய்விடலாமா என்றும் தோன்றுகிறது.

வெண்ணிலா எழுதியது:

தங்கச்சி, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். கையில் இருக்கும் சம்மன், எஃப்.எல்.-110, அதன் இரண்டாம் பக்கத்தைப் படியுங்கள். காகிதம் உங்கள் கைக்கு வந்த நிமிடத்திலிருந்து அதில் உள்ள தடைகள் உங்களுக்கும் பொருந்தும். கணவரின் எழுத்துபூர்வமான சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் குழந்தையை மாநிலத்தை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. புதுப் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது. மனு போட்ட நாளிலிருந்தே அவரையும் இது கட்டுப்படுத்துகிறது. அவரும் பையனை எங்கும் கொண்டுபோக முடியாது, உங்களை மருத்துவக் காப்பீட்டிலிருந்து நீக்கவும் முடியாது. வேறு நாட்டுக்குக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்பச் செய்யும் 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் குழந்தையோடு இந்தியா போவது என்ற பேச்சு வந்தாலே இங்கே நீதிபதிகள் மிகவும் கவனமாகிவிடுவார்கள். அந்தச் சந்தேகத்துக்கு நீங்களே இடம் கொடுத்துவிடாதீர்கள்.

பணக் கேள்விக்கும் அதே காகிதத்தில் பதில் இருக்கிறது. பொதுச் சொத்தை விற்கவோ மாற்றவோ கூடாது என்று சொல்லும் அதே இடத்தில், வக்கீல் கட்டணத்துக்கும் நீதிமன்றச் செலவுக்கும் அந்தப் பணத்தைப் பயன்படுத்தலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. எடுத்ததற்குக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இப்போது வக்கீல் விஷயம். 2019-இல் எனக்கும் இதே நிலைதான். தமிழ் பேசுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரிடம் போனேன். அன்பான மனிதர், பொறுமையாகக் கேட்டார். ஆனால் அவருடைய முழுநேர வேலை விசா. ஜீவனாம்ச விசாரணை அன்று நீதிபதி என் வருமான விவரப் படிவத்தைக் கேட்டபோதுதான், அந்த எஃப்.எல்.-150-ஐ அவர் தாக்கலே செய்யவில்லை என்று எனக்குத் தெரிந்தது. விசாரணை ஏழு வாரம் தள்ளிப்போனது. அந்த ஏழு வாரமும் அக்காவிடம் வாங்கித்தான் வீட்டு வாடகை கட்டினேன். குடும்பச் சட்டம் படிவங்களும் கெடுவும் நிறைந்தது. தினமும் அதே வேலையில் இருப்பவர்தான் அதில் தவற விடமாட்டார்.

வக்கீல்களுக்கு உரிமம் தரும் அமைப்பான கலிஃபோர்னியா ஸ்டேட் பாரின் இணையதளத்தில் எந்த வக்கீலின் பெயரைப் போட்டாலும் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் வந்திருக்கிறதா என்று காட்டும். அதற்கும் மேலே, குடும்பச் சட்டத்தில் ‘சான்றளிக்கப்பட்ட நிபுணர்’ என்று ஸ்டேட் பார் தரும் பட்டம் ஒன்று இருக்கிறது. தனித் தேர்வு எழுத வேண்டும், அந்தத் துறையில் அனுபவம் காட்ட வேண்டும், மற்ற வக்கீல்களும் நீதிபதிகளும் அவரை மதிப்பிடுவார்கள். இந்தப் பட்டம் இல்லாத நல்ல வக்கீல்களும் உண்டு. ஆனால் யாரையுமே தெரியாத ஊரில் தேடத் தொடங்க அது ஒரு நல்ல இடம். என் இரண்டாவது வக்கீலை அப்படித்தான் கண்டுபிடித்தேன். முதல் சந்திப்பிலேயே அவர் கேட்டது, ‘காகிதம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது, குழந்தை இப்போது யாரோடு தூங்குகிறது, வீட்டுச் செலவுக்கு இந்த மாதம் யார் பணம் கொடுத்தார்கள்?’ எனக்கு அன்றுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. முன்பணம் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்தான்.

நீங்களும் அவர்களிடம் கேளுங்கள். இந்தக் கவுன்டியில் எத்தனை குழந்தைப் பொறுப்பு வழக்குகள் நடத்தியிருக்கிறீர்கள், விசாரணைக்கு நீங்களே வருவீர்களா, அலுவலகத்தில் வேறு யாராவது வருவார்களா, போனில் பேசினால் எத்தனை நிமிடத்துக்குக் கணக்கு எழுதுவீர்கள். இன்றே கையெழுத்துப் போடச் சொல்பவரிடம் போடாதீர்கள்.

வக்கீல் கிடைக்கும் வரை கெடு காத்திருக்காது. இந்த மாநிலத்தில் எல்லாக் கவுன்டி நீதிமன்றத்திலும் சுய உதவி மையமும், குடும்பச் சட்ட உதவியாளர் என்று ஒரு வக்கீலும் உண்டு. காசு கிடையாது. பதில் மனு எஃப்.எல்.-120, குழந்தைக்கான எஃப்.எல்.-105 இரண்டையும் நிரப்ப உதவுவார்கள். தாக்கல் கட்டணம் 435 முதல் 450 டாலர். கட்ட முடியாவிட்டால் எஃப்.டபிள்யூ.-001 போட்டு விலக்குக் கேட்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அவர்கள் உங்கள் வக்கீல் அல்ல, இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர்கள். நாளை உங்கள் கணவரும் அதே மேசைக்கு வரலாம். ரகசியங்களை அங்கே சொல்லாதீர்கள்.

வழிப்போக்கன் எழுதியது:

குடும்ப நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் என்பதால் இரண்டு விஷயம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே நீதிபதியின் முன்னால் வார்த்தை வராது, நிறையப் பார்த்திருக்கிறேன். ஐ.என்.டி.-300 படிவம் கொடுத்தால் நீதிமன்றமே இலவசமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்பாடு செய்யும். தமிழுக்கு ஆள் பிடிக்க நேரம் எடுக்கும், அதனால் விசாரணைத் தேதி வந்த அன்றே கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று கட்டணம். மொத்தச் செலவு 1,000 டாலரைத் தாண்டும் என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். மணிக்கணக்கில் வேலை செய்பவரிடம் கொடுக்கும் முன்பணம், கட்சிக்காரர் பணத்துக்கென்று அவர் வைத்திருக்கும் தனிக் கணக்கில் (டிரஸ்ட் அக்கவுன்ட்) இருக்க வேண்டும், வேலை செய்யச் செய்யத்தான் எடுக்கலாம், மிச்சம் உங்களுக்குத் திரும்ப வரும். ‘முன்பணம் திரும்பாது’ என்று எழுதியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். முழு வழக்கையும் ஒப்படைக்கப் பணம் இல்லையென்றால், குழந்தைப் பொறுப்பு விசாரணைக்கு மட்டும் அமர்த்தலாம். எஃப்.எல்.-950 அதற்கான படிவம்.

வெண்ணிலா எழுதியது:

அண்ணா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். வருமானம் உள்ளவர் மற்றவரின் வக்கீல் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம், குடும்பச் சட்டத் தொகுப்பில் 2030-ஆம் பிரிவு. உத்தரவு கேட்கும் மனுவான எஃப்.எல்.-300-உடன், வக்கீல் கட்டணத்துக்கான இணைப்பான எஃப்.எல்.-319 வைத்துக் கேட்க வேண்டும். ‘எனக்கு வருமானம் இல்லையே’ என்று சொன்னால், இந்த மனுவைப் போடத் தெரிந்த வக்கீல் போனை வைக்கமாட்டார்.

இன்னொரு விஷயம், விருப்பம் இருந்தால் மட்டும் பதில் சொல்லுங்கள். காசை அவர் கட்டுப்படுத்துகிறாரா, போனைப் பார்க்கிறாரா, வெளியே போக விடுவதில்லையா? அடி விழுந்தால்தான் வன்முறை என்பதில்லை. 2021 முதல் இதையும் இந்த மாநிலச் சட்டம் குடும்ப வன்முறையாகப் பார்க்கிறது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் மைத்ரி, நாரிகா இரண்டும் தெற்காசியப் பெண்களுக்காகவே முப்பது வருடத்துக்கும் மேலாக இருக்கும் அமைப்புகள். பேசிப் பாருங்கள். தீர்ப்பு வந்ததும் எச்-4 போய்விடும், அதனால் குடிவரவு வக்கீல் ஒருவரையும் தனியாகப் பார்க்க வேண்டும். பயந்துவிடாதீர்கள், காகிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் முடியாமல் இங்கே விவாகரத்து ஆகாது.

தனிமரம் எழுதியது:

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. நேற்றுக் காலை சுய உதவி மையத்துக்குப் போனேன். பையனையும் கூட்டிப் போக வேண்டியிருந்தது, மூன்று மணி நேரம் என் மடியிலேயே இருந்தான். எஃப்.எல்.-120-உம் 105-உம் தாக்கல் ஆகிவிட்டன, கட்டண விலக்கும் கிடைத்தது. பதினாறாவது நாள். ஸ்டேட் பார் பட்டியலில் மூன்று பேரை எடுத்தேன். ஒருவர் அலுவலகத்தில் என் கணவர் ஏற்கெனவே பேசியிருக்கிறாராம், அதனால் முடியாது என்றார்கள். மற்ற இருவரில் ஒருவர் போனிலேயே 2030-ஆம் பிரிவைப் பற்றி அவராகவே சொன்னார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அக்கா கேட்ட கேள்விக்குத் தனிச் செய்தியில் எழுதுகிறேன்.