எழுத்து முதல், தாலி பிறகு: கனடா ஸ்பொன்சர் அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து:
எங்களுக்கு எழுத்து, அதாவது விவாகப் பதிவு, நடந்தது வீட்டில். உடனேயே இவர், என் கணவர், என்னைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சருக்குப் போட்டுவிட்டார். தாலி கட்டியது அடுத்த வருடம், லீவு கிடைத்து இவர் திரும்ப வந்தபோதுதான். நம்ம ஊரில் இதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். எழுத்து முடிந்தாலும் தாலி ஏறும்வரை பெண் தாய்வீட்டில்தான். ஆனால் ஃபைலைப் பார்க்கிற அதிகாரிக்கு விவாகச் சான்றிதழில் இருக்கும் திகதிதான் கல்யாணம். அதற்குப் பிறகும் ஏன் தனித்தனியாக இருந்தீர்கள், சேர்ந்து எங்கேயாவது தங்கிய ஆதாரம் உண்டா என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வாசித்துக் காட்டியதும் அம்மா, "தாலி கட்ட முதலேயோ?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார், நான்தான் அந்தக் கடிதத்தை எழுதினமாதிரி!

அதற்குள் கல்யாணமும் முடிந்திருந்தது, நல்லகாலம். எங்கள் வழக்கம் இதுதான் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினோம். தாலி கட்டிவைத்த ஐயர் ஒரு கடிதம் தந்தார், பெரியமாமா இன்னொன்று. அழைப்பிதழை மொழிபெயர்த்து வைத்தோம். படங்களில் மேடைப் படங்களைக் குறைத்து, தாலிக்குப் பொன் உருக்கிய பொன்னுருக்கன்று இவருடைய அம்மாவும் என் அம்மாவும் அடுப்படியில் பலகாரத் தட்டோடு நிற்கிற படம், பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிற படம் என்று பொறுக்கி, பின்பக்கத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று எழுதினோம். வைபர் அழைப்புப் பட்டியலும் போனது. அப்புறம் வேறு கேள்வி வரவில்லை. எழுத்துக்கும் தாலிக்கும் இடைவெளி உள்ளவர்கள் இந்த விளக்கத்தை முதல் ஃபைலிலேயே வைத்துவிடுங்கள், கேட்கும்வரை பொறுக்காதீர்கள்.

பாலையூற்றிலிருந்து:
அக்கா சொன்னது சரி. காசு விஷயத்தில் ஒன்று. வங்கியில் பெரிய தொகை காட்டவேண்டும் என்று எனக்கு ஒரு ஏஜன்ட் சொன்னார். கணவன் மனைவி ஸ்பொன்சருக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான எல்லை கிடையாது, அது அம்மா அப்பாவைக் கூப்பிடும்போதுதான். ஆனால் 3 வருடம் செலவைப் பொறுப்பேற்பதாகக் கையெழுத்து வைக்கவேண்டும். இடையில் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு போகாது. கியூபெக்கில் இருப்பவர்களுக்கு விதி வேறு.

கிண்ணியாவிலிருந்து:
எங்கள் ராத்தாவின் மகளுக்கு மாப்பிள்ளை அங்கே இருந்தபடியே போனில் நிக்காஹ் செய்யலாம் என்று வீட்டில் பேச்சு. நான் விடவில்லை. 2015 ஜூனிலிருந்து, இருவரும் ஒரே இடத்தில் நேரில் இல்லாமல் முடித்த கல்யாணத்தை வைத்து ஸ்பொன்சர் செய்ய முடியாது, பணி காரணமாக வரமுடியாத கனடா இராணுவத்தினருக்கு மட்டும் விலக்கு. டிக்கெட் காசைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள்தான். என்றாலும் அவர் வந்து, மாமாமார் முன்னால் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் போனார். ஃபைல் இப்போது உள்ளே போயிருக்கிறது, மெடிக்கலுக்குக் காத்திருக்கிறோம்.