பைத்தான் புரோகிராமை சர்வீஸா ஓட்டுனா பிரிண்ட் எதுவுமே வரலைங்க, உதவி பண்ணுங்க

அஸ்தம்பட்டி_பைத்தான்:
வணக்கங்க. ஏற்காட்டுல மாமாவோட காப்பிக்கொட்டை குடோன்ல ஈரப்பதம் பாக்க ராஸ்பெர்ரி பை 4ன்னு கையளவு கம்ப்யூட்டர் போர்டு ஒண்ணு வெச்சிருக்கேன், அதுல என் பைத்தான் புரோகிராம் 10 நிமிஷத்துக்கு ஒருக்கா டிஎச்டி22 ஈரப்பத சென்சாரைப் படிச்சு பிரிண்ட் பண்ணும். டெர்மினல்ல கையால ஓட்டுனா வரி வரியா அழகா வருது, போர்டு ஆன் ஆனதும் பின்னணியில தானா ஓடற மாதிரி சிஸ்டம்டி சர்வீஸா போட்டா, அது பதிவு எழுதற ஜர்னல்ல ஒண்ணுமே இல்ல. போன வாரம் மழையில கரண்ட் போச்சு, அதுக்கு முந்தி சென்சார் படிச்சுதா நின்னுச்சான்னே தெரியல. அங்க நெட் கிடையாது, ஒவ்வொரு தடவையும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் பாக்கணும். மூட்டையில ஈரம் ஏறினா பூசணம் புடிச்சிடும், மாமாவோட ஒரு வருஷ உழைப்புங்க. பிரிண்டுக்குப் பதிலா லாகர்னு பைத்தானோட பதிவு எழுதற வசதியைப் போடுங்கறாங்க, அப்படி என்ன வித்தியாசம்?

குகை_டெவ்:
பிரிண்ட் ஆகுது தம்பி, வெளிய வரல. டெர்மினல்னா வரிக்கு வரி தள்ளிவிடும். சர்வீஸ்னா பஃபர்ல, அதாவது மெமரியில தற்காலிகமா, பொதுவா 8192 பைட் சேர்ற வரைக்கும் வெச்சுக்கும். உங்க வரி 40 பைட்டுன்னா 200 வரிக்கு மேல, அதாவது கிட்டத்தட்ட ஒண்ணரை நாள். நடுவுல கரண்ட் போனா அத்தனையும் போச்சு. பைத்தானை மைனஸ் யூ (-u) போட்டு ஓட்டுங்க, சேத்து வெக்காம உடனே தள்ளிடும், இப்போதைக்கு அது போதும். லாகர் ஒவ்வொரு வரியையும் அப்பவே வெளிய தள்ளிடும், ஃபார்மேட் குடுத்தா நேரமும், எவ்வளவு முக்கியம்னு சொல்ற லெவலும் சேத்து எழுதும்.

அஸ்தம்பட்டி_பைத்தான்:
அண்ணா, வீட்டுல இன்னொரு போர்டுல பிரிண்டை எல்லாம் லாகிங் இன்ஃபோவா மாத்திப் பாத்தேன், இப்ப டெர்மினல்லயே வரமாட்டேங்குது!

ஏவிஆர்_ரவுண்டானா:
எல்லாரும் இங்கதான் மாட்டுவோம். சும்மா விட்டா லெவல் வார்னிங்ல இருக்கும், இன்ஃபோவும் டிபக்கும் (debug) அதுக்குக் கீழ, அதனால காட்டாது. ஆரம்பத்துலயே லாகரை அமைக்கற பேசிக்கான்ஃபிக்ல லெவலை இன்ஃபோன்னு குடுங்க. ஜர்னல் ராம்ல மட்டும் இருந்தா ரீபூட்ல அழிஞ்சிடும், அதனால ஃபைல்ல எழுதி, ரொம்பினா பழசைத் தானா அழிக்கற ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர் போட்டு 1 எம்பி, 5 ஃபைல்னு வெச்சுக்கங்க, எஸ்டி கார்டும் ரொம்பாது. அப்புறம் எரர் வந்தா புடிக்கற எக்செப்ட்ல என்ன எழுதியிருக்கீங்க?

அஸ்தம்பட்டி_பைத்தான்:
பாஸ்னு, அதாவது எரரைக் கண்டுக்காமப் போன்னு போட்டிருக்கேன்ண்ணா, சென்சார் ஒருக்கா தவறினா நின்னுடக் கூடாதுன்னு.

ஏவிஆர்_ரவுண்டானா:
அதை மொதல்ல எடுங்க தம்பி. அந்த இடத்துல லாகர் எக்செப்ஷன் போட்டா எந்த வரியில என்ன எரர்னு டிரேஸ்பேக்கோட எழுதிட்டு லூப் பாட்டுக்கு ஓடும். பிரிண்டை விட்டு லாகருக்கு வர்றதுக்கு எனக்கு இது ஒண்ணே போதும்.

குகை_டெவ்:
இன்னொண்ணு, பை 4ல கடிகார பேட்டரி கிடையாது. நெட்டும் இல்லாத இடத்துல கரண்ட் போயி வந்தா நேரம் பின்னாடி போயிடும், லாகை நம்பி ஏமாந்துடாதீங்க. பேட்டரியோட வர்ற டிஎஸ்3231 கடிகார சிப் மாட்டிடுங்க.

அஸ்தம்பட்டி_பைத்தான்:
ஞாயித்துக்கிழமை மேல போயி எல்லாம் போட்டு, இன்னைக்குப் போயி ஃபைலைத் தொறந்தேன். ராத்திரி பூரா செக்சம் எரர், அதாவது சென்சார் அனுப்புன எண் வழியில கெட்டுப்போயிருக்கு, பகல்ல ஒண்ணுகூட இல்ல. ஒயரைத் தடவிப் பாத்தா ஜன்னலோரம் நான் முறுக்கி டேப் சுத்தின ஜாயிண்ட்ல பனித்தண்ணி கோத்து நிக்குது. ரொம்ப நன்றிங்கண்ணா ரெண்டு பேருக்கும். சனிக்கிழமை ஜாயிண்ட் இல்லாத ஒயரா மாத்திட்டு லாகைப் போடறேன்.